வரைகோடு காட்டும் இயற்கணிதம்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிதம்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிய எவருக்கும் அந்த எட்டு மதிப்பெண் நினைவிருக்கும். கணித வினாத்தாளின் இறுதிப் பகுதியில் வடிவியலுக்கு எட்டு, வரைபடத்துக்கு எட்டு. ‘இந்தப் பதினாறையும் விட்டுவிடாதீர்கள்’ என்று ஆசிரியர்கள் சொல்லிச் சொல்லி, நாமும் கிராஃப் தாளில் அளவுத்திட்டம் எழுதி, அட்டவணை போட்டு, புள்ளி வைத்து, வளைவு வரைந்து பழகினோம். ஆனால் ஓர் இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்க எதற்காக அதை இன்னொன்றிலிருந்து கழிக்கிறோம், கழித்தபின் கிடைக்கும் நேர்க்கோடு வளைவைச் சந்திக்கும் இடத்தில் விடை எப்படி வந்து அமர்ந்திருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? மதிப்பெண் வந்தது, கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

நின்றுபோன அந்தக் கேள்வியை வரைபடக் கணிப்பான் என்னும் கருவியின் துணையோடு மீண்டும் எடுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். சாதாரண கால்குலேட்டர் எண்ணைக் கொடுத்தால் எண்ணைத் தரும். வரைபடக் கணிப்பான் சமன்பாட்டைக் கொடுத்தால் அதன் கோட்டை வரைந்து காட்டும். இவ்வகையில் முதலாவதாகச் சந்தைக்கு வந்தது ஜப்பானின் கேசியோ நிறுவனம் 1985-இல் வெளியிட்ட எஃப்.எக்ஸ். 7000 ஜி. அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் 1990-இல் டி.ஐ. 81-ஐக் கொண்டுவந்தது. அங்கே பள்ளி மாணவர்களின் புத்தகப் பையில் அது இடம்பிடித்துவிட்டது. கல்லூரியில் சேர அவர்கள் எழுதும் சாட் தேர்வு கணினிவழிக்கு மாறியபோது (அமெரிக்காவுக்கு வெளியே 2023, அமெரிக்காவில் 2024), டெஸ்மாஸ் என்ற வரைபடக் கணிப்பானைத் தேர்வுத் திரைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

நம் நிலை வேறு. நம் பள்ளிப் பொதுத்தேர்வில் கணிதத்துக்குக் கணிப்பான் கிடையாது. தனிக் கருவியாக அதை வாங்குவதென்றால் பல ஆயிரம் ரூபாய் ஆகும். எனினும் அதே வேலையைச் செய்யும் செயலிகள் இன்று கைப்பேசியில் விலையின்றிக் கிடைக்கின்றன. டெஸ்மாஸ் 2011-இல் தொடங்கியது. ஜியோஜீப்ராவை ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோகன்வார்ட்டர் என்பவர் 2001-இல் உருவாக்கத் தொடங்கினார். ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் இவை இயங்கும். நம் பள்ளிக் கணிதப் புத்தகங்களில் ‘இணையச் செயல்பாடு’ என்ற கட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் ஜியோஜீப்ராவுக்கு அழைத்துச் செல்வதுதான். தேர்வில் வராது என்பதால் அந்தப் பக்கத்தைப் பலரும் புரட்டிவிட்டுப் போகிறோம்.

இக்கருவி அமெரிக்க மாணவனைவிட நமக்கே அதிகம் தேவை என்று நான் கருதுகிறேன். காரணத்தைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அப்பா நிட்டிங் மிஷின் ஓட்டுகிறார்; அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. இருவரும் பள்ளியைப் பாதியில் விட்டவர்கள். கணக்கைப் போட்டு முடித்து, ‘இது சரியா?’ என்று நோட்டை நீட்ட வீட்டில் ஆளில்லை. என் வகுப்பில் பலருக்கும் இதே கதைதான். மாலையில் வகுப்பு முடிந்ததும் பவர் டேபிளுக்கும் அயர்ன் மேசைக்கும் போகும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நோட்டைத் திறக்கும்போது இரவு பத்து மணி ஆகிவிடும். அந்நேரத்தில் எந்தப் பேராசிரியரைப் போய் எழுப்புவது? புத்தகத்தின் பின்பக்கத்து விடை இறுதி எண்ணை மட்டும் சொல்லும். எந்த வரியில் வழி தவறிற்று என்று சொல்லாது. வரைபடம் அதைச் சொல்லும். எப்படியென்று காண்போம்.

அதற்குமுன் ஒரு சிறு ஏற்பாடு. நாம் எக்ஸ், ஒய் என்று எழுதிப் பழகியவர்கள். இங்கே தமிழ் எழுத்தையே ஆள விரும்பி, கிடையச்சு மாறியை ‘க’ என்றும் நிலைக்குத்து அச்சு மாறியை ‘ந’ என்றும் குறிக்கிறேன். கருவியில் தட்டும்போது மட்டும் எக்ஸ், ஒய் என்றே தட்டுக.

முதலில் அந்தப் பத்தாம் வகுப்புக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ந = க² − 4க + 3 என்ற வளைவை வரைந்து, அதன் துணைகொண்டு க² − 6க + 9 = 0 என்பதைத் தீர்க்க வேண்டும். நாம் செய்வது என்ன? முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்கிறோம். ந = 2க − 6 என்ற நேர்க்கோடு கிடைக்கிறது. கருவியில் வளைவையும் கோட்டையும் அடுத்தடுத்துத் தட்டினால், கோடு வளைவை (3, 0) என்ற ஒரே புள்ளியில் தொட்டுக்கொண்டு போவதைக் காணலாம். விடை 3.

சரி, ஏன்? க² − 4க + 3 = 2க − 6 என்று எழுதி, வலப்புறத்தை இடப்புறம் கொண்டுவந்து பாருங்கள். க² − 6க + 9 = 0 என்றாகிறது. அதாவது, தீர்க்க வேண்டிய சமன்பாட்டையே இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வளைவாகவும் மறுபாதியைக் கோடாகவும் வரைந்திருக்கிறோம். இரு பாதிகளும் சமமாகும் இடமே இரு கோடுகளும் சந்திக்கும் இடம். இந்த உத்தி பழமையானது. பாரசீகத்து ஓமர் கய்யாம் 11-ஆம் நூற்றாண்டிலேயே முப்படிச் சமன்பாடுகளின் விடையை வட்டமும் பரவளையமும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கண்டவர். 1637-இல் வெளிவந்த தேகார்த்தின் வடிவியல் நூல் சமன்பாட்டையும் வளைவையும் நிரந்தரமாகப் பிணைத்துவிட்டது. நாம் எட்டு மதிப்பெண்ணுக்காக வரைந்த கோட்டுக்கு இத்தனை வயது.

இப்போது கருவியால் மட்டும் எளிதாகச் செய்யக்கூடிய ஒன்றைப் பார்ப்போம். கோட்டில் 6-க்குப் பதிலாக ‘அ’ என்று வைத்து ந = 2க − அ எனத் தட்டினால், அ-வின் மதிப்பை மாற்ற ஒரு நழுவல் திரையில் தோன்றும். (அ-வுக்கும் ஏதேனும் ஓர் ஆங்கில எழுத்தைத் தட்டிக்கொள்க.) அதை விரலால் தள்ளுங்கள். அ = 5 என்றால் கோடு மேலே ஏறி, வளைவை 2, 4 என்ற இரு இடங்களில் வெட்டும். அ = 7 என்றால் கீழே இறங்கி, வளைவைத் தொடாமலே போய்விடும். இடையில் அ = 6 என்ற ஒரே நிலையில்தான் தொட்டு நிற்கும். இனி தன்மைகாட்டியைக் கணக்கிடுவோம்: 36 − 4(3 + அ), அதாவது 24 − 4அ. அ-வுக்கு 5, 6, 7 என்று இட்டால் 4, 0, −4. மெய்யான இரு மூலங்கள், சமமான மூலங்கள், மெய் மூலம் இல்லை என்று நாம் மனப்பாடம் செய்த மூன்று வரிகளும் ஒரு கோடு மேலிருந்து கீழே நழுவும்போது நடக்கும் மூன்று சம்பவங்கள்தாம். தாளில் இதைக் காண மூன்று தடவை வரைய வேண்டும், யாரும் வரைவதில்லை.

அடுத்தது வரிக்கு வரி சரிபார்க்கும் முறை. இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். ஒரு சமன்பாட்டைத் தீர்க்கும்போது ஒவ்வொரு வரியிலும் சமக்குறியின் இருபுறத்தையும் இரு கோடுகளாகத் தட்டிப் பார்க்க வேண்டும். கோடுகள் வரிக்கு வரி மாறலாம். அவை வெட்டும் புள்ளியின் கிடைத்தூரம் மாறக்கூடாது. மாறினால் அந்த வரியில் ஏதோ நடந்திருக்கிறது.

√(க + 7) = க − 5 என்பதை எடுத்துக்கொள்வோம். இருபுறமும் வர்க்கப்படுத்தினால் க + 7 = (க − 5)². சுருக்கினால் க² − 11க + 18 = 0. காரணிப்படுத்த, க = 2 அல்லது 9. கையால் போடுபவர் பலரும் இரண்டையும் எழுதி அடிக்கோடிட்டுவிடுவார்கள். திரையில் பாருங்கள். முதல் வரியின் கோடுகள் 9-இல் மட்டுமே வெட்டுகின்றன. இரண்டாம் வரியின் கோடுகள் 2, 9 ஆகிய இரண்டிலும் வெட்டுகின்றன. ஆகவே அந்த 2 முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் இடையில் உள்ளே நுழைந்த விருந்தாளி. அது எங்கிருந்து வந்தது என்றும் கருவியையே கேட்கலாம். ந = −√(க + 7) என்று தட்டினால், இதுவரை காணாத கீழ்க்கிளை ஒன்று தோன்றி, கோட்டை (2, −3) என்ற புள்ளியில் வெட்டுகிறது. வர்க்கப்படுத்தும்போது குறை, மிகை என்ற வேறுபாடு மறைந்துவிடுவதால், கீழ்க்கிளையின் விடையும் சேர்ந்து வந்துவிட்டது. ‘வர்க்கப்படுத்தினால் விடையைச் சரிபார்க்கவும்’ என்ற விதியின் பொருள் இதுதான்.

இதே கணக்கில் (க − 5)² என்பதை க² − 25 என்று விரிப்போரும் உண்டு. பள்ளி முதல் கல்லூரி வரை நம்மைத் தொடரும் பிழை அது. இரண்டையும் தட்டிப் பார்த்தால் இரு வேறு பரவளையங்கள் தெரியும். ஒன்றையொன்று ஒரே இடத்தில் மட்டும் கடந்து செல்லும். முற்றொருமை என்றால் ஒரு வளைவின்மேல் மற்றொன்று படிந்து, ஒன்றாகவே தெரிய வேண்டும். இரவு பத்து மணிக்கு நோட்டைத் திறப்பவருக்கு இதைவிடப் பொறுமையான ஆசிரியர் கிடைப்பது அரிது.

இனி நம் ஊர்க் கணக்கு ஒன்று. பனியன் துணி வாங்குவோர் முதலில் கேட்பது ‘ஜி.எஸ்.எம். எவ்வளவு?’ என்பதே. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது அதன் பொருள். வட்டமான கட்டரால் 100 சதுர சென்டிமீட்டர் துண்டை வெட்டி எடுத்து எடை போடுவார்கள், 1.5 கிராம் இருந்தால் 150 ஜி.எஸ்.எம். இதை நிர்ணயிப்பவை நூலின் நம்பரும், லூப் லென்த் எனப்படும் ஒரு கண்ணிக்குச் செல்லும் நூலின் நீளமும். மண்டன் என்ற ஆய்வாளர் 1959-இல் வெளியிட்ட கட்டுரையில், தளர்ந்த நிலையில் இருக்கும் சாதாரணப் பின்னல் துணியில், குறிப்பிட்ட பரப்பில் உள்ள கண்ணிகளின் எண்ணிக்கை கண்ணி நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும் என்று காட்டினார். கண்ணிகளின் எண்ணிக்கையை ஒரு கண்ணியின் நீளத்தால் பெருக்கினால் மொத்த நூல் கிடைக்கும். ஆகவே வர்க்கத்தில் ஒன்று அடிபட்டு, துணியின் எடை கண்ணி நீளத்துக்கு எதிர்விகிதம் என்றாகிறது. 30-ஆம் நம்பர் நூலில் ஓட்டும் சிங்கிள் ஜெர்சிக்கு, கணக்கு வசதிக்காக ந = 420/க என்று கொள்வோம். க மில்லிமீட்டரில், ந ஜி.எஸ்.எம். 2.8 என்றால் 150, 3.0 என்றால் 140.

160 வேண்டுமென்றால் லூப் எவ்வளவு என்பதற்கு வரைபடமே தேவையில்லை. 420-ஐ 160-ஆல் வகுத்தால் 2.625 வந்துவிடும். எல்லாவற்றுக்கும் கருவியைத் தேடுவது சோம்பல். வளைவு காட்டுவது வேறொன்றை. அப்பா ஒருநாள் சொன்னார்: “லூப்பு சின்னதா ஓடறப்போ கொஞ்சம் திருகினாலே எடை எகிறிப் போகும் கண்ணு. பெரிய லூப்புல அந்தளவுக்குத் தெரியாது.” அதைக் கருவியில் வரைந்து அவரிடம் காட்டினேன். 2.5-லிருந்து 2.6-க்குப் போனால் எடை 168-லிருந்து சுமார் 161.5-க்கு இறங்குகிறது, ஆறரை கிராம். 3.2-லிருந்து 3.3-க்குப் போனால் 131-லிருந்து 127-க்கு, நான்கு கிராம்தான். அதே 0.1 மில்லிமீட்டர்தான், ஆனால் வளைவு இடப்பக்கம் செங்குத்தாகவும் வலப்பக்கம் சாய்வாகவும் இருக்கிறது. நாம் வகையீட்டில் −420/க² என்று எழுதுவதை அவர் கைவிரலில் வைத்திருக்கிறார்.

திரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “துணி ஈரமா இருக்கறப்ப எடுத்தா இந்தக் கோடு எங்க போகும்?” மிக நல்ல கேள்வி. துணி மிஷினிலிருந்து இறங்கியபோது ஓர் எடை, சாயம் ஏறித் துவைத்துத் தளர்ந்தபின் வேறோர் எடை. “அந்த 420 நிலையா இருக்காதுங்கப்பா, மாறும்” என்றேன். அவ்விடத்தில் ஒரு நழுவலை வைத்துத் தள்ளிக் காட்டினேன். வளைவு உருமாறாமல், முழுதாக மேலே ஏறியும் கீழே இறங்கியும் நகர்ந்தது. மாறிலி என்று நாம் சொல்லும் சொல்லுக்குள் ஈரமும் சாயமும் காம்பேக்டிங்கும் ஒளிந்திருப்பதை நானும் அன்றுதான் நினைத்துப் பார்த்தேன்.

இதுவரை கருவியைப் புகழ்ந்தாயிற்று. அதை நம்பக்கூடாத இடங்களும் உண்டு. க² − 2க + 1 = 0, க² − 2க + 1.0001 = 0, க² − 2க + 0.9999 = 0 என்ற மூன்றையும் தட்டிப் பாருங்கள். மூன்று வளைவுகளும் 1 என்ற இடத்தில் கிடையச்சைத் தொடுவதுபோலவே தெரியும். உண்மையில் முதலாவது தொடுகிறது, இரண்டாவது தொடவே இல்லை, மூன்றாவது 0.99, 1.01 என இரு இடங்களில் வெட்டுகிறது. கண்ணுக்கும் திரைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. தன்மைகாட்டிக்கு அந்த எல்லை இல்லை.

இதைவிடச் சுவையானது 2^க = க² என்பது. இரண்டின் அடுக்கு க-வும், க-வின் வர்க்கமும் எங்கே சமம்? கையால் முயல்பவர் 2 என்று உடனே சொல்வார். சற்று யோசித்து 4 என்பார், இருபுறமும் 16. அத்துடன் முடித்துவிடுவார். இரு அச்சுகளையும் −10 முதல் 10 வரை வைத்துத் திரையைப் பார்ப்பவருக்கும் இரண்டு வெட்டுப்புள்ளிகளே தெரியும். ஆனால் அவை வேறு இரண்டு! ஒன்று 2; மற்றது குறைப் பக்கத்தில் −0.767 அருகே. (4, 16) என்ற புள்ளி திரையின் மேல் விளிம்புக்கு அப்பால் போய்விட்டது. கை கண்டதைத் திரை மறைத்தது. திரை கண்டதைக் கை தவறவிட்டது. இரண்டையும் சேர்த்தால்தான் மூன்று விடைகளும் நமக்குக் கிடைக்கின்றன.

அந்தக் குறை விடையை உருப்பெருக்கிப் பார்த்தால் −0.76666 என்று வரும். ஆறுகள் வரிசையாக நிற்பதைக் கண்டதும், இது −23/30 என்னும் பின்னம் என்று எழுதிவிடக் கை துடிக்கும். பொறுங்கள். அது பின்னம் என்றே கொண்டு, −த/ப என்க. த தொகுதி, ப பகுதி. இரண்டும் பொதுக் காரணி இல்லாத மிகை முழு எண்கள். சமன்பாட்டில் இட்டு, இருபுறத்தையும் ப என்னும் அடுக்குக்கு உயர்த்திச் சீர்படுத்தினால், ப^(2ப) = 2^த × த^(2ப) என்றாகும். த ஒன்றைவிடப் பெரிதானால் அதன் பகாக் காரணி ஒன்று வலப்புறத்தை வகுக்கும். ஆகவே இடப்புறத்தையும், அதனால் ப-வையும் வகுக்க வேண்டும். பொதுக் காரணி இல்லை என்றோமே! எனவே த = 1. அப்போது ப^(2ப) = 2. ப = 1 என்றால் இடப்புறம் 1; ப = 2 என்றால் 16; அதற்குமேல் இன்னும் பெரிது. 2 வரவே வராது. ஆகவே அந்த விடை பின்னமே அன்று. திரையை எத்தனை மடங்கு பெருக்கினாலும் இதைச் சொல்லாது. ஆறுகள் சற்றுத் தொலைவில் கலைந்துபோவதை மட்டும் காட்டும். இயற்கணிதம் நான்கு வரியில் சொல்லிவிட்டது.

கைப்பேசியை எடுத்தால் மாணவர் கை மறந்துபோகும் என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அச்சம் முழுவதும் தவறன்று. சமன்பாட்டைத் தட்டி, விடையைப் பார்த்து எழுதுவது மட்டுமே வேலையென்றால், பின்பக்கத்து விடையைப் பார்த்து எழுதுவதற்கும் அதற்கும் வேறுபாடில்லை. தேர்வு அறைக்குள் கைப்பேசி வரப்போவதும் இல்லை. நான் கடைப்பிடிப்பது இது: தட்டுவதற்குமுன் வளைவு எப்படி இருக்கும் என்று நோட்டில் கிறுக்கலாகவேனும் ஒரு படம் போட்டுவிடுகிறேன். எத்தனை தடவை வெட்டும், எந்தப் பக்கம் ஏறும் என்று எழுதிவைத்த பிறகே தட்டுகிறேன். என் படமும் திரையின் படமும் ஒத்துப்போகாத இடத்தில்தான் அன்றைய பாடம் இருக்கிறது.

வாசகர்களுக்கு ஒரு கணக்கு: க³ − 3க + 1 = 0. விகிதமுறு மூலம் இருந்தால் அது 1 அல்லது −1 ஆகத்தான் இருக்க வேண்டும், இரண்டுமே பொருந்தவில்லை. கருவியோ −1.879, 0.347, 1.532 என மூன்று இடங்களைக் காட்டுகிறது. இப்போது கருவியைப் பாகைக்கு மாற்றி, 2 கொசைன் 40° என்று தட்டுங்கள். 1.532 வரும். 80°, 160° என்று தட்டுங்கள். மற்ற இரண்டும் வரும். இது ஏன் என்பதற்கு, க-வுக்குப் பதிலாக ஒரு கோணத்தின் கொசைனை இரண்டால் பெருக்கி இட்டு, மும்மடங்குக் கோண வாய்பாட்டைப் பயன்படுத்திப் பாருங்கள். அரைப் பக்கம் போதும்.